நிஞ்ஜா ஆக ஆசைப்பட்ட கடலூர்ப் பையன்!

ஒரு தகர டப்பா. ஒரு கத்தரிக்கோல். பத்து வயதுப் பையன் ஒருவன்.

இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில், எங்கள் தெருவில், அது நடந்தது. பையன் செல்போனில் ஜப்பான் சண்டைப் படம் பார்த்தான். முகத்தை மூடிய வீரன் ஒருவன் இருட்டில் பாய்கிறான். நட்சத்திரம் போன்ற தகட்டை வீசுகிறான். எதிரி சாய்கிறான்!

பையனுக்கு ஆசை வந்துவிட்டது. தகரத்தை நட்சத்திரமாக வெட்டினான். அம்மாவின் கறுப்புத் துப்பட்டாவை முகத்தில் சுற்றினான். கொல்லைப்புறத்து முருங்கை மரத்துக்குக் குறி வைத்து வீசினான்.

பட்டதோ எட்டு வயதுத் தங்கைக்கு!

புருவத்துக்கு மேலே இரண்டு தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அம்மா அழுதாள். அப்பா கை ஓங்கினார். தாத்தா குறுக்கே வந்து நின்றார்.

"சண்டை கத்துக்கணும்னு ஆசைப்பட்டது தப்பில்லடா. வாத்தியார் இல்லாம கத்துக்கப் பார்த்தான் பாரு, அதுதான் தப்பு" என்றார்.

மறுநாள் மாலை தாத்தா பேரனைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நெற்றியில் கட்டுடன் தங்கையும் வந்தாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

போகும் வழி எல்லாம் பையன் நிஞ்ஜா கதைதான் சொன்னான். அவன் சொன்னதில் பாதி பொய். பாவம், அவன் மேல் குற்றம் இல்லை. படம் எடுத்தவர்கள் செய்த வேலை!

யார் இந்த நிஞ்ஜா?

ஜப்பான் நாட்டில் இகா, கோகா என்று இரண்டு பகுதிகள் உண்டு. மலையும் காடும் சூழ்ந்த இடங்கள். 15-ம், 16-ம் நூற்றாண்டுகளில் ஜப்பானில் சிற்றரசர்கள் ஒருவரோடு ஒருவர் ஓயாமல் சண்டை போட்டார்கள். அப்போது இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் நல்ல கிராக்கி!

என்ன வேலைக்கு? வேவு பார்க்கும் வேலைக்கு!

எதிரியின் கோட்டைக்குள் நுழைய வேண்டும். எத்தனை வீரர்கள், எவ்வளவு அரிசி, கிணறு எங்கே என்று பார்த்து வர வேண்டும். சமயம் வாய்த்தால் தீ வைக்க வேண்டும். முக்கியமாக, உயிரோடு திரும்பி வர வேண்டும். செத்துப் போன ஒற்றன் எப்படிச் செய்தி சொல்வான்?

ஆகவே நிஞ்ஜாவின் முதல் வித்தை சண்டை போடுவது அல்ல. சண்டையே வராமல் தப்பித்து வருவது!

1581-ம் ஆண்டு ஓடா நொபுநாகா என்ற தளபதி பெரும் படையுடன் வந்து இகாவை அழித்தார். அடுத்த ஆண்டே நொபுநாகா கொல்லப்பட்டார். அப்போது ஆபத்தில் சிக்கிய தொகுகாவா இயெயாசு என்ற தலைவர், இகா மலை வழியாகத்தான் உயிர் தப்பி ஊர் போய்ச் சேர்ந்தார். துணைக்குப் போனவர்கள் இகாக்காரர்கள். அந்த இயெயாசுதான் பிறகு ஜப்பானையே ஆண்டார்.

சண்டை ஓய்ந்து நாட்டில் அமைதி வந்தது. ஒற்றர்களுக்கு வேலை குறைந்தது. வித்தை மறந்து போகுமே என்று பயந்தார்கள் போலும். 1676-ம் ஆண்டு 'பன்சென்ஷூகாய்' என்ற பெரிய நூலில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். இன்று நிஞ்ஜாவைப் பற்றி ஆராய்கிறவர்கள் முதலில் கையில் எடுப்பது இந்த நூலைத்தான்.

கறுப்பு உடை எங்கே?

படத்தில் வரும் நிஞ்ஜா தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்துகிறான். உண்மை நிஞ்ஜா அப்படித் திரிந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருப்பான்!

அவன் போட்ட வேடங்கள் வேறு. புத்த பிட்சு வேடம். மலை ஏறும் சாமியார் வேடம். வியாபாரி வேடம். கழைக்கூத்தாடி போன்ற வித்தைக்காரன் வேடம். கூட்டத்தோடு கூட்டமாகப் போனான். கறுப்பு உடை பெரும்பாலும் பிற்கால நாடக மேடையில் இருந்து வந்தது என்கிறார்கள். ஜப்பான் நாடகங்களில் மேடைச் சாமான்களை எடுத்து வைக்கும் ஆள் கறுப்பு உடுத்தியிருப்பான். அவனை யாரும் பார்க்கவில்லை என்று பாவனை செய்ய வேண்டும்.

இதைத் தாத்தா கேட்டதும் சிரித்தார். "சாமியார் வேசம் போடுறதுக்கு ஜப்பான் வரைக்கும் ஏன் போகணும்? வள்ளுவரே சொல்லியிருக்காரே" என்றார்.

உண்மைதான். திருக்குறளில் 59-வது அதிகாரம் 'ஒற்றாடல்'. துறவி வேடம் பூண்டு, போக முடியாத இடத்துக்கும் போய், என்ன செய்தாலும் உண்மையைக் கக்காதவனே ஒற்றன் என்று அதில் வள்ளுவர் கூறுகிறார். ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி வைக்க வேண்டும் என்றும், மூன்று பேர் சொல்லும் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்றும் சொல்கிறார். இகா ஊர் ஒற்றர்கள் கோட்டைச் சுவர் ஏறுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னே எழுதியது!

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைக் கேட்டதும் பையனின் அப்பா, "ஜப்பானுக்குச் சண்டை கத்துக் கொடுத்ததே நம்ம காஞ்சிபுரத்து போதிதருமர்தானே!" என்றார். 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு இதைச் சொல்லாத ஆள் இல்லை. போதிதருமர் தென்னிந்திய அரச குமாரர் என்று பழைய சீன நூல் ஒன்று சொல்வது உண்மை. ஆனால் அவர் சண்டைக் கலை கற்றுக்கொடுத்தார் என்பது அவருக்குப் பல நூறு ஆண்டுகளுக்குப் பின் கட்டிய கதை. நமக்கு இருக்கிற பெருமை போதும். இரவல் பெருமை எதற்கு?

ஆயுதமா, வீட்டுச் சாமானா?

பையனைப் படாத பாடு படுத்திய அந்த நட்சத்திரத் தகட்டுக்கு 'ஷூரிகன்' என்று பெயர். நட்சத்திர வடிவிலும் உண்டு. ஆணி போல நீளமாகவும் உண்டு. அதை வீசி ஆளைக் கொல்வது அபூர்வம். எதிரி ஒரு நொடி தடுமாறுவான். அந்த ஒரு நொடியில் ஓடிவிட வேண்டும்!

'குனாய்' என்று ஒன்று. படத்தில் அது கத்தி. உண்மையில் அது சுவரைக் குடையவும் மண்ணைத் தோண்டவும் உதவிய கருவி. நம் ஊர்க் கொத்தனாரின் கரண்டிக்குத் தம்பி என்று வையுங்கள். 'குசரிகாமா' என்பது சங்கிலியும் குண்டும் கட்டிய அரிவாள். அறுவடைக்குப் போகிறவன் கையில் அரிவாள் இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

தண்ணீர் மேல் நடக்க ஒரு மரச் செருப்பும் உண்டு என்று அந்தப் பழைய நூலில் படம் போட்டிருக்கிறது. நம் பிச்சாவரம் உப்பங்கழியில் அதை மாட்டிக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும் என்று பையன் கேட்டான். முங்கித்தான் போவான்! சோதித்துப் பார்த்தவர்களால் அதில் நடக்க முடியவில்லை. சேற்றில் கால் புதையாமல் இருக்கவோ, மேலே உட்கார்ந்து மிதக்கவோ பயன்பட்டிருக்கலாம் என்கிறார்கள்.

பயிற்சி எப்படி? அதற்கு ஓர் அழகான கதை வழங்குகிறது. சணல் வகைச் செடி ஒன்றின் விதையை ஊன்ற வேண்டும். முளை விட்டதும் தினமும் அதைத் தாண்ட வேண்டும். செடி வளர வளர, தாண்டும் உயரமும் வளரும். செடி ஒரு நாளும் விடுமுறை எடுக்காது. தாண்டுகிறவனும் எடுக்கக் கூடாது!

சத்தம் இல்லாமல் நடப்பது இன்னொரு பாடம். அதைத்தான் எங்கள் பையன் எதிர்பார்க்காத இடத்தில் கற்றுக்கொண்டான்.

"கம்பு கேக்காதே, நில்லு!"

தேவனாம்பட்டினம் மணலில் பதினைந்து பிள்ளைகள் நின்றார்கள். நடுவில் வாத்தியார். அறுபது வயது இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பிள்ளைகள் அவரை 'மாஸ்டர்' என்றார்கள். தாத்தா மட்டும் 'வாத்தியாரே' என்று அழைத்தார்.

சிலம்பப் பயிற்சி அது.

பையன் நேராகப் போய், "மாஸ்டர், எனக்குச் சுருள் வாள் கத்துக் கொடுங்க" என்றான்.

வாத்தியார் அவனை மேலும் கீழும் பார்த்தார். தங்கையின் நெற்றிக் கட்டையும் பார்த்தார். தாத்தா நடந்ததைச் சொன்னார்.

"தம்பி, கம்பே கேக்காதே. முதல்ல நில்லு" என்றார் வாத்தியார்.

இடது கால் முன்னே. வலது கால் பின்னே. முழங்கால் லேசாக மடங்க வேண்டும். உடம்பின் பாரம் இரண்டு காலிலும் சமமாக இறங்க வேண்டும். இவ்வளவுதான் முதல் நாள் பாடம்! பையன் இரண்டு நிமிடத்தில் தள்ளாடினான்.

பிறகு காலடி வைக்கும் பாடம். முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, திரும்பி ஓர் அடி. வாத்தியார் தன் கம்பு நுனியால் மணலில் கோடு போட்டார். பையன் அடி வைத்த பிறகு, "திரும்பிப் பாரு. உன் தப்பு மணல்லயே இருக்கு" என்றார். ஆழமாகப் பதிந்த கால் எது, இழுபட்ட கால் எது என்று தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை அதே கோட்டில் போனாள். அவள் அடிகள் எல்லாம் ஒரே அளவு. சத்தமே இல்லை!

"நிஞ்ஜா நடை!" என்று பையன் என் காதில் சொன்னான்.

காலடி நன்றாகப் படிந்த பிறகுதான் கையில் கம்பு. மூங்கில் கம்பு, அல்லது பிரம்பு. நிமிர்ந்து நின்றால் நெற்றி வரை உயரம். ஜப்பானியர் 'போ' என்று ஒரு கம்பு வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் அளவில் ஆறு 'ஷாகு'. நம் கணக்கில் சுமார் 182 சென்டிமீட்டர். அதில் குத்தும் அடியும் அதிகம். நம் கம்பில் சுழற்சிதான் உயிர். வேகமாகச் சுழலும்போது கம்பு கண்ணுக்குத் தெரியாது. 'விர்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். தேர்ந்த ஆள் கம்பு சுழற்றும்போது நாலு பக்கமும் நின்று கல் எறிவார்களாம். ஒரு கல்லும் மேலே படாதாம்!

தொடுமுறைப் போட்டி இன்னும் சுவையானது. எதிரியை அடித்து வீழ்த்த வேண்டாம். கம்பு நுனியால் தொட்டால் போதும், புள்ளி உண்டு. முன்பெல்லாம் கம்பு நுனியில் சாயம் தோய்த்துக்கொள்வார்களாம். யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணித் தீர்ப்புச் சொல்வார்களாம். இரு புருவத்துக்கு நடுவே பொட்டு வைத்துவிட்டால் அவனே ஜெயித்தவன்!

கம்புக்கு அடுத்துத்தான் மற்ற ஆயுதங்கள். இரண்டு மான் கொம்புகளைச் சேர்த்துச் செய்த 'மான் கொம்பு'. வேல். வாள். கடைசியில்தான் சுருள் வாள். அது சாட்டை போல் வளையும் மெல்லிய இரும்புத் தகடு. அதைத் தப்பாகச் சுழற்றினால் எதிரிக்கு முன் நமக்கே காயம். சில வாத்தியார்கள் அதைத் தொட வருடக் கணக்கில் காக்க வைப்பார்கள்.

பீரங்கி வந்தது

இளைப்பாற உட்கார்ந்தபோது வாத்தியார் தெற்கே கை காட்டினார். "அந்தப் பக்கம் ஒரு கோட்டை இருந்தது தெரியுமா?" என்று கேட்டார்.

செயிண்ட் டேவிட் கோட்டைதான். 1690-ம் ஆண்டு ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் அதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையை மட்டும் அல்ல. கோட்டையில் இருந்து பீரங்கி வெடித்தால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அவ்வளவு நிலமும் அவர்களுக்கே என்று பேச்சு! நாலு பக்கமும் சுட்டார்கள். குண்டு எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். இன்று மிஞ்சி இருப்பது இடிபாடுதான்.

பீரங்கிக்கு முன்னால் கம்பு என்ன செய்யும்? வாத்தியார் சொல்லாமல் சொன்னது அதுதான்.

ஆனாலும் வெள்ளைக்காரர்கள் நம் ஆயுதங்களைக் கண்டு அஞ்சினார்கள். சிவகங்கைச் சீமையில் 'வளரி' என்று ஓர் எறி ஆயுதம் இருந்தது. பிறை போன்ற வளைவு. ஒரு முனை கனம், ஒரு முனை மெல்லிசு. மரத்திலும் இரும்பிலும் செய்வார்கள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் உண்டு. ஜப்பானியரின் ஷூரிகன் கைக்குள் அடங்கும். வளரியோ ஓடும் மானையே வீழ்த்தும்!

வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரிக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? சின்ன மருதுதான்! அதிகாரியே தன் நினைவுக் குறிப்பில் நன்றியோடு எழுதியிருக்கிறார். 1801-ல் அதே சின்ன மருதுவை எதிர்த்துப் போரிட்ட படையில் அவரும் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனி அரசு தென் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டது. 1878-ல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. ஜப்பானிலும் இதே கதை. 1588-ல் குடியானவர்களிடம் இருந்த வாள்களைப் பறித்தார்கள். 1876-ல் சாமுராய்களும் வாள் அணியக் கூடாது என்றார்கள். இரண்டு ஆண்டு வித்தியாசத்தில் இரண்டு நாட்டிலும் வாளுக்குப் பூட்டு!

அதன் பிறகு அவர்கள் போன வழி வேறு. நாம் போன வழி வேறு.

ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் 1882-ல் பழைய மல்யுத்த முறைகளில் ஆபத்தானவற்றை ஒதுக்கி, விதிகள் வகுத்து, ஜூடோவை உண்டாக்கினார். பள்ளிக்கூடத்தில் புகுந்தது. 1964-ல் ஒலிம்பிக்கிலும் சேர்ந்தது. நிஞ்ஜாவையும் அவர்கள் விடவில்லை. இகா நகரில் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வட்டாரத்து மியே பல்கலைக்கழகம் 2017-ல் நிஞ்ஜா ஆராய்ச்சி மையம் தொடங்கியது. 2020-ல் அங்கே ஒருவர் நிஞ்ஜா பாடத்தில் முதுகலைப் பட்டமே வாங்கினார்!

நம் சிலம்பத்தைக் காப்பாற்றியது பல்கலைக்கழகம் அல்ல. கோவில் திருவிழாவும், பொங்கலும், சினிமாவும்தான். 'பெரிய இடத்துப் பெண்'ணில் (1963) எம்.ஜி.ஆர். கம்பு சுழற்றினார். 'ரிக்‌ஷாக்கார'னில் (1971) ரிக்‌ஷாவில் இருந்தபடியே சுழற்றினார். கொட்டகையில் விசில் பறந்தது. மறுநாள் தெருவுக்குத் தெரு பிள்ளைகள் கையில் குச்சி! தாத்தாவும் அப்படிக் குச்சி எடுத்தவர்தான். மூன்று மாதத்தில் விட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் பேரனைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார்.

சமீப ஆண்டுகளில் அரசும் கை கொடுக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் 2021-ல் சிலம்பத்தைச் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது.

தில்லையில் ஒரு பாடம்

புறப்படும்போது வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை சிதம்பரம் போங்க ஐயா. பையனுக்குக் கோபுர வாசல் சுவரைக் காட்டுங்க."

கடலூரில் இருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நடராசர் கோவிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். வாசலுக்குள் இரு பக்கமும் உள்ள சுவரைப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கேதான் பரத நாட்டிய நூல் கூறும் 108 கரணங்கள் கல்லில் இருக்கின்றன. கால் தூக்கி, இடுப்பு வளைத்து, கை வீசி நிற்கும் சின்னச் சின்ன உருவங்கள்.

இது நடனம் ஆயிற்றே, சண்டைக்கு என்ன சம்பந்தம்? அந்த நாட்டிய சாத்திரமே பதில் சொல்கிறது. கரணங்களை நடனத்தில் மட்டும் அல்ல, போரிலும், ஆளோடு ஆள் மோதும் சண்டையிலும் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கிறது!

தங்கை ஒரு சிற்பத்தின் முன் நின்றுவிட்டாள். ஒற்றைக் காலில் நிற்கும் உருவம். அவளும் ஒரு காலைத் தூக்கினாள். முழங்காலை லேசாக மடக்கினாள். அசையாமல் நின்றாள். அண்ணன் எண்ணினான். நாற்பது வரை வந்தது. அவனும் நின்று பார்த்தான். பதினெட்டில் காலை ஊன்றிவிட்டான்.

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு நாள் மாலை போய்ப் பயிற்சியைப் பாருங்கள். முதல் நாளே வாளைக் கையில் கொடுக்கும் இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தொடுமுறை ஆடும்போது தலைக்கும் மார்புக்கும் கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடையிலும் தபாலிலும் பளபளவென்று வரும் நட்சத்திரத் தகடும் கத்தியும் வீட்டுக்குள் வர வேண்டாம். வீட்டில் தகரம் வெட்டும் கத்தரிக்கோலை உயரே வையுங்கள். இது அனுபவத்தில் சொல்வது!

எங்கள் தெருப் பையன் பயிற்சிக்குப் போய் இப்போது ஆறு வாரம் ஆகிறது. தையல் பிரித்ததும் தங்கையும் சேர்ந்துகொண்டாள். நிஞ்ஜாப் பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது. முகத்தில் சுற்றிய துப்பட்டா அம்மாவிடம் திரும்பிவிட்டது.

போன வாரம் வாத்தியார் முதல் கம்பை எடுத்தார். பையன் கையை நீட்டினான். வாத்தியார் அவனைத் தாண்டிப் போய்த் தங்கையிடம் கொடுத்தார்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு நான் மொட்டை மாடிக்குப் போனேன். பக்கத்து மாடியில் பையன் தனியாக நின்றான். தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தான். கோட்டின் மேல் முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி வைத்துக்கொண்டிருந்தான். நான் வந்தது அவனுக்குத் தெரியவில்லை.

அவன் நடப்பது எனக்கும் கேட்கவில்லை.